வண்டி போகாத வயல்

எங்கள் அறுப்பு வண்டி புதிதாக ஓர் ஊருக்குப் போகிறதென்றால், அதற்கு முன்னால் ஒருவர் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வர வேண்டும். அது எப்போதும் என் மச்சான் செல்லத்துரையின் வேலை. முன்பின் தெரியாதவர்களின் தோளில் அரை நிமிஷத்தில் கைபோட்டுப் பேச அவருக்கு வரும். எனக்கு வராது. பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு வண்டிக்கு கிரீஸ் வைக்கவும் பெல்ட் மாற்றவும் போனவன் நான். இப்போது ஐம்பதை நெருங்கியும் அதைத்தான் செய்கிறேன். வண்டி பேசாது, அதனால் எங்களுக்குள் ஒத்துப்போகும்.

இந்த ஆவணியில் மச்சானின் பேத்திக்குக் காதுகுத்து வந்துவிட்டது. திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தது. நெல் முற்றி நிற்கிறது, வண்டி வேண்டும் என்று.

"நீயே போயிட்டு வாடே. ரெண்டு நாள் சோலி. மலையாளத்துக்காரன் உன்னைக் கடிச்சா தின்னுருவான்?" என்று சொல்லி, மச்சான் ஒரு கயிற்றைச் சுருட்டி என் பையில் வைத்தார்.

அந்தக் கயிற்றின் நீளமும் எங்கள் வண்டியின் அகலமும் ஒன்று. பாதையின் குறுக்கே இரண்டு பேர் பிடித்துப் பார்த்தால் போதும். கயிறு தொய்ந்தால் வண்டி போகாது. எட்டாமல் இழுத்தால் போகும். யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அந்தக் கயிறு மிகவும் பிடிக்கும்.

வியாழக்கிழமை மதியம் வலியசாலைத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒன்றோடு ஒன்று ஒட்டிய வீடுகள், வாசலில் கோலம். திருநெல்வேலியில் ஒரு தெருவைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்ததுபோல் இருந்தது. முதல் மூன்று நிமிஷம் வெளியூர் வந்த பயமே இல்லை. பிறகு ஒரு வீட்டிலிருந்து இரண்டு பையன்கள் மலையாளத்தில் சண்டை போட்டுக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். பயம் திரும்ப வந்துவிட்டது.

போன் போட்ட பெண்ணின் பெயர் காயத்ரி. இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவள், விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவளோடு கூட்டாளி அனீஷ் என்ற மலையாளிப் பையன். இரண்டு வருஷம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பியவன். இவர்கள் இரண்டு பேரும் இன்னும் சில நண்பர்களும் நெடுமங்காட்டுக்கு அந்தப் பக்கம் வெகுநாளாகத் தரிசாகக் கிடந்த வயலைக் குத்தகைக்கு எடுத்து நட்டிருக்கிறார்கள். அதற்குப் பணம் போட்டது வலியசாலைத் தெரு வீடுகள். முன்பணம் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஓணத்துக்குப் புது அரிசி தருவதாக வாக்கு.

"மழை வந்துடுத்துன்னா எல்லாம் சாஞ்சு மொளச்சுடும், அண்ணாச்சி. ஓணத்துக்கு அரிசி குடுக்கலைன்னா அடுத்த தடவை ஒரு ஆத்துலயும் காலணா போட மாட்டா. அதோட எல்லாம் தீர்ந்துது" என்றாள்.

சாய்வு நாற்காலியில் இருந்த அவள் அப்பா பேப்பரைத் தாழ்த்தினார்.

"சேப்பரிசியாக்கும். நேக்கு வயத்துக்கு ஒத்துக்காது, கேட்டேளா? பாயசத்துக்குத்தான் ஆகும். ஆனா ஊரெல்லாம் அழைச்சுப் பணம் வாங்கித் தந்தது நானாச்சே. அரிசி வரலைன்னா நான் கோவிலுக்கு எந்த வழியாப் போறது? பின் சந்து வழியாத்தான் போகணும்."

"அப்பா, செத்த சும்மா இருங்கோளேன்."

"நான் சும்மா இருந்ததாலதான் நீ வேலையை விட்டே."

அவர்கள் இருவரும் சிரித்தார்கள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் காபியைக் குடித்தேன். நல்ல காபி.

இரவு ஓட்டலில் சோறு கேட்டேன். பெரிய பெரிய சிவப்புப் பருக்கையாக வந்தது. பக்கத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு தம்ளர் வெந்நீர். கை கழுவத்தான் என்று நினைத்து விரலை விடப் போனேன். பரிமாறிய தம்பி ஓடி வந்து கையைப் பிடித்தான்.

"குடிக்கிற தண்ணி அண்ணாச்சி அது, பட்டை போட்டுக் காய்ச்சுனது! எந்த ஊரு? தென்காசியா? நான் கடையநல்லூரு."

அதற்குப் பிறகு எனக்கு மட்டும் அப்பளம் இரண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் தனியாக பஸ் ஏறினேன். காயத்ரியும் அனீஷும் பைக்கில் முன்னாலேயே போய்விட்டார்கள். நெடுமங்காடு தாண்டி ஒரு சின்ன நிறுத்தம், சாலையோரம் மஞ்சள் பெயின்ட் அடித்த பேக்கரி இருக்கும், அங்கே இறங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் கூவுவார், தூங்குகிறவனைத் தட்டி எழுப்பி இறக்கிவிடுவார். இங்கே கண்டக்டர் கூவுவதில்லை. இறங்குகிறவர்தான் "ஆளிறங்கணும்!" என்று சத்தம் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகிற சின்னப் பெண்கள்கூட அதை அலட்சியமாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள்.

மஞ்சள் பேக்கரி வந்தது. எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பேக்கரி பின்னால் போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் இவ்வளவு நேரம் எழுந்து நின்றுவிட்டு இப்போது சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று திரும்ப உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் வந்து, டிக்கெட் முடிந்துவிட்டதே, எங்கே போகிறாய் என்று மலையாளத்தில் கேட்டார்.

"நேரா" என்றேன்.

"பொன்முடிக்கா?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். பஸ் மலையைப் பார்த்துப் போனது.

கல்லாற்றில் ஒரு கூட்டம் இறங்கியது. அவர்கள் கொடுத்த சத்தத்தில் நானும் இறங்கிக்கொண்டேன். பாறைகளுக்கு நடுவே ஆறு ஓடுகிறது. மலை பார்க்க வந்த பிள்ளைகள் தண்ணீரில் காலை விட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடையில் பழம்பொரியும் டீயும் வாங்கினேன். நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது. சூடாக, இனிப்பாக இருந்தது. வயல் பார்க்க வந்தவன் வயலைத் தாண்டி வந்து ஆறு பார்த்துக்கொண்டிருக்கிறேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது. அதற்குள் காயத்ரி இரண்டு தடவை போன் செய்துவிட்டாள். "வந்துகிட்டே இருக்கேன்" என்றேன். அது உண்மைதான். எந்தத் திசையில் என்று அவள் கேட்கவில்லை.

திரும்புகிற பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்தில் ஒருவர் சிமென்ட் படிந்த சட்டையோடு நின்றிருந்தார். என் வேட்டிக்கட்டைப் பார்த்ததுமே, "அண்ணாச்சி நம்ம பக்கமா?" என்று கேட்டார். பெயர் பால்ராஜ், சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், கொத்தனார். கல்லாற்றில் ஒரு கட்டிடத்துக்கு வேலை. சிமென்ட் லாரி வராததால் பாதியில் திரும்புகிறார். அவரும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். அது எங்கே என்றால், அந்த மஞ்சள் பேக்கரிக்குப் பின்னால்தான்.

"அறுப்பு வண்டி வச்சிருக்கியளா? நல்ல தொழில்லா" என்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நான் அரிவாளைத் தொட்டு வருசம் ஆச்சு" என்றார்.

பேக்கரி வந்ததும் அவரே எங்கள் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து, "ஆளிறங்கணும்!" என்று பஸ் அதிரக் கத்தினார்.

இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கும் வயலை இங்கே ஏலா என்கிறார்கள். மேட்டில் ரப்பரும் தென்னையும். அவ்வளவு பச்சைக்கும் கீழே அந்த வயல் மட்டும் மஞ்சளாக இருந்தது. எங்கள் பக்கம் நெல்வயல் என்றால் வானம் தொடும் வரை போகும். இது ஒரு தொட்டில் மாதிரி இருந்தது. ஒரு கதிரைக் கையில் உருவிப் பார்த்தேன். நன்றாக முற்றியிருந்தது, இன்னும் நான்கு நாள் தாங்காது. தண்ணீர் வடிந்து தரையும் இறுகியிருந்தது. நான் சொல்வதற்காகக் காயத்ரியும் அனீஷும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா வந்திருக்கு" என்றேன். அனீஷ் அவள் முதுகில் ஒரு அடி வைத்தான்.

பிறகு பாதைக்குப் போனோம். சாலையிலிருந்து வயலுக்கு ஒரு சந்து, இரண்டு பக்கமும் மதில். கயிற்றை எடுத்து ஒரு நுனியை அனீஷிடம் கொடுத்தேன். முதல் இடத்தில் கயிறு சரியாக நின்றது. அடுத்து கொஞ்சம் நடந்து, சந்து வளைகிற இடத்தில் பிடித்தோம்.

கயிறு தொய்ந்தது. நன்றாகத் தொய்ந்து முழங்காலைத் தொட்டது.

"வண்டி போகாது" என்றேன்.

இரண்டு பேரும் கயிற்றையே பார்த்தார்கள். உழுவதற்கு வந்தது கையால் தள்ளுகிற சின்ன டில்லர். நட்டது அவர்களே, நாற்றைத் தலையில் சுமந்து. உரம் ஸ்கூட்டரில் வந்தது. வயலுக்குள் போனது எல்லாம் சந்தில் நுழைகிற அளவில் இருந்ததால் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைகள் முதலில் வண்டித்தடத்தைத்தான் கேட்கும். இங்கே வயலைச் சுற்றி வீடுகள் வந்து, வீடுகளைச் சுற்றி மதில் வந்து, வயலுக்கு வழி என்று ஒன்று இருக்க வேண்டும் என்பதே மறந்துபோயிருக்கிறது.

வளைவில் இருந்தது விஸ்வம்பரன் சார் வீடு. அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முன்பக்கம் ஸ்கூட்டர் நுழைகிற அளவு ஒரு கேட். முற்றம் முழுக்க நல்ல உயரத்தில் தகரக் கூரை. முற்றம் முடிகிற இடத்தில் மதில் இல்லை, நேரே வயல் வரப்பு. முன்மதிலில் பாதியை எடுத்தால் வண்டி முற்றம் வழியாக வயலில் இறங்கிவிடும். அனீஷ் போய்க் கேட்டான். அவர்கள் மலையாளத்தில் பேசியதைக் காயத்ரி எனக்கு மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"போன மழையில் விழுந்த மதிலை இப்போதுதான் கட்டினேன். உன் ஆசைக்கு இடிக்கவா?"

"நாங்களே திரும்பக் கட்டித் தருகிறோம் சார்."

"யார், நீங்களா? இந்த வருஷம் வயலில் விளையாடுவீர்கள். அடுத்த வருஷம் எல்லோரும் துபாய் போய்விடுவீர்கள். நான் இடிந்த மதிலோடு இருப்பேன்."

"நான் துபாய் போய்விட்டுத்தான் வந்திருக்கிறேன் சார்."

"ஒரு தடவை போனவன் இரண்டாவது தடவையும் போவான்."

கேட் மூடிக்கொண்டது. அவரைக் கெட்டவர் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அந்தச் சந்தில் பாதி வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில்தான் இருந்தார்கள். வாசலில் கார் நிற்கும், ஓட்ட ஆள் இருக்காது.

மச்சானுக்குப் போன் செய்தேன். "போகாதா? சரி விடு. வண்டிக்கு நாகர்கோவில் பக்கம் வேற வேலை இருக்கு. நீ ராத்திரி பஸ்ஸப் புடி" என்றார். பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

நான் அப்போதே கிளம்பியிருக்கலாம். காயத்ரி வரப்பில் உட்கார்ந்து யாருக்கோ போன் செய்து கையால் அறுக்க ஆள் கேட்டுக்கொண்டிருந்தாள். கிடைக்கவில்லை. மலைப்பக்கம் கருக்கத் தொடங்கியிருந்தது. அரிவாளைத் தொட்டு வருசம் ஆச்சு என்று பஸ்ஸில் பால்ராஜ் சொன்னது எனக்குத் திரும்பத் திரும்ப வந்தது. அதை அவளிடம் சொன்னேன்.

"நீங்கதான் போய்க் கேக்கணும், அண்ணாச்சி. என்னை அவாளுக்குத் தெரியாது" என்றாள். "மிஷினுக்கு வச்சிருக்கற பணம் அப்படியே இருக்கு. கொத்தனார் கூலியே தரோம்னு சொல்லுங்கோ."

சாயங்காலம் பேக்கரிக்குப் பின்னால் அந்த வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றேன். உள்ளே கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசம். பால்ராஜ் கை கழுவ வெளியே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துப் போனார். தட்டைப் போட்டுச் சோறும் வைத்துவிட்டார்கள். வந்த காரியத்தைச் சொல்லாமல் பாதிச் சோறு சாப்பிட்டேன்.

"என்ன அண்ணாச்சி, சொல்ல வந்ததை முழுங்குதியளா, சோத்தை முழுங்குதியளா?" என்று பால்ராஜே கேட்டார்.

சொன்னேன். தலையைத் தூக்காமல் ஒரே மூச்சில் சொன்னேன்.

ஓரத்தில் இருந்த ஒருவர் சிரித்தார். "நல்லாருக்கு கதை. எங்க ஊருக்கு உங்க வண்டி வந்து எங்க கை அரிவாளைப் புடுங்கிட்டு. நாங்க கொத்தனார் கரண்டியைப் புடிச்சு இங்க வந்தோம். இப்ப இங்கயும் வந்து, வண்டி போகல, அரிவாளப் புடின்னு சொல்லுதியளே!"

அவர் சொன்னது சரிதான். குழம்பு ஊற்றிய சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"ஏ, சும்மா இருப்பா. மனுசன் சாப்பிடட்டும்" என்ற பால்ராஜ், என்னிடம் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை லீவு. அன்னிக்கு நாங்க துணி துவைச்சுட்டுத் தூங்கத்தான் செய்வோம். வாரோம். ஆனா ஒண்ணு, வண்டிக்காரரும் எங்ககூட நின்னு அறுக்கணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். நான் சரி என்றேன்.

சனிக்கிழமை அரிவாளுக்காகத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு முழுவதும் அலைந்தேன். புல் வெட்டுகிற அரிவாள் இருக்கிறது, தேங்காய் வெட்டுகிறது இருக்கிறது, பல் வைத்த கதிர் அரிவாள் மட்டும் இல்லை. கடைசியில் ஒரு பழைய இரும்புக்கடையில் எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர் பரணில் ஏறி ஒரு சாக்கைத் தள்ளிவிட்டார். தூசி பறந்தது.

"இவ்வளவும் எதுக்கு? நாடகம் போடுதீரோ?"

"நெல்லு அறுக்க."

"திருவனந்தபுரத்துலயா?" என்று கேட்டுவிட்டு, அவர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பால்ராஜ் கூட்டம் லுங்கியை மடித்துக் கட்டி வந்துவிட்டது. பின்னாலேயே வேன் வைத்து வலியசாலைத் தெரு வந்தது. மாமாக்கள், மாமிகள், கல்லூரிப் பிள்ளைகள். காயத்ரியின் அப்பா பஞ்சகச்சம் இல்லாமல், பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, தலையில் துண்டோடு இறங்கினார். "பின் சந்து வழியா நடக்கறதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்றார்.

பால்ராஜின் ஆட்கள் வரிசை பிடித்துக் குனிந்த பிறகு நிமிரவே இல்லை. எனக்கு நான்கு பிடி அறுப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"வண்டிக்கு டீசல் தீந்துட்டா, அண்ணாச்சி?" என்று ஒரு குரல் வந்தது. வயல் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவ்வளவு பேர் நடுவே சத்தமாகச் சிரித்தது எனக்கே புதிதாக இருந்தது.

தெருக்காரர்களுக்குக் கட்டுச் சுமக்கிற வேலை. "மாமா, கட்டைத் தலையில வைங்க, பிள்ளையத் தூக்குத மாதிரி இடுப்புல வைக்காதிய!" என்று பால்ராஜ் கத்த, "அதாக்கும் நான் யோசிச்சுண்டிருந்தேன்" என்றார் காயத்ரியின் அப்பா. மதியம் அனீஷின் அம்மா கப்பைக்கிழங்கும் மீன் கறியும் கொண்டுவந்தார். தெருவிலிருந்து தயிர்சாதம் வந்திருந்தது. பால்ராஜ் தயிர்சாதத்துக்கு மத்தி மீனைத் தொட்டுக்கொண்டார். காயத்ரியின் அப்பா மேகத்தைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

பார்த்த மேகம் நிஜமாகவே வந்துவிட்டது. அறுத்தது முக்கால்வாசி, கட்டுகள் எல்லாம் வரப்பில் கிடக்கின்றன. முதல் சொட்டு என் கழுத்தில் விழுந்தது. காயத்ரி தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினாள். அது அந்த நெல்லில் பாதிக்குக்கூடக் காணாது. எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் கத்தினோம்.

அப்போது மேலே இருந்து ஒரு அதட்டல் வந்தது. விஸ்வம்பரன் சார் தன் முற்றத்து விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்தே அங்கே நாற்காலி போட்டிருந்தார் என்று பிறகு அனீஷ் சொன்னான்.

"என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்? மதிலை இடிக்காதே என்றுதானே சொன்னேன்? நெல்லை நனைய விடு என்று சொன்னேனா? ஷெட்டுக்குக் கொண்டு வாருங்கள்!"

அந்தக் கூட்டம் ஓடிய ஓட்டத்தை நான் எந்த ஊர்த் திருவிழாவிலும் பார்த்ததில்லை. சுமந்தவர்கள் ஒரு பக்கம், மிச்சத்தை அறுத்தவர்கள் ஒரு பக்கம். காயத்ரியும் அனீஷும் கை கொப்பளித்து ரத்தம் கசிய அறுத்துக்கொண்டிருந்தார்கள். மழை வலுத்தபோது வயலில் தாளும் தவளையும்தான் மிஞ்சியிருந்தன.

தகரக் கூரையில் மழை கொட்ட, கீழே பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டுக் கதிரடித்தோம். விஸ்வம்பரன் சார் விளக்குமாறோடு சுற்றி வந்து, நெல்லை மிதித்தவர்களை எல்லாம் திட்டினார். என்னையும் இரண்டு தடவை திட்டினார். மலையாளத்தில் திட்டு வாங்குவதில் ஒரு வசதி, பாதிதான் புரியும்.

திங்கட்கிழமை காலையில் சொல்லிக்கொண்டு போகலாம் என்று வந்தேன். முற்றம் முழுக்க நெல் பரப்பிக் கிடந்தது. காயத்ரியின் அப்பா அதை ஒவ்வொரு கோணத்திலிருந்தும் படம் எடுத்துத் தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். "ஓணத்துக்கு ஆச்சு. அடுத்த வெள்ளாமைக்கு யாரைச் சேர்த்துக்கறதுன்னு இப்பவே சண்டையாக்கும். கட்டு தூக்கினவா ஆத்துக்குத்தான் முதல் பங்காம்" என்றார்.

மதிலுக்கு வெளியே விஸ்வம்பரன் சாரும் வேலைக்குப் போகிற வழியில் நின்ற பால்ராஜும் எதையோ அளந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பால்ராஜ் கையை நீட்டினார்.

"அந்தக் கயித்தைக் குடுங்க அண்ணாச்சி. சாருக்குப் பெரிய கேட் வைக்கணுமாம். உங்க வண்டி நுழையுத மாதிரி."

சார் என்னிடம், எனக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினார். "அடுத்த அறுப்புக்குக் கேட் இல்லையென்றால் என்னைக் கேளுங்கள். இந்தப் பிள்ளைகள் இல்லையென்றால் நான் யாரைக் கேட்பது?"

அனீஷ் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தவன் நிமிராமலே, "கேட்டுக்குப் பூட்டு நான் வாங்கறேன் சார். ஒரு சாவி என் கையில இருக்கும்" என்றான்.

பால்ராஜ் மதிலின் ஒரு இடத்தில் ஆணி அடித்துக் கயிற்றின் நுனியைக் கட்டினார். மறுநுனியை இழுத்துப் பிடித்து, அது முடிகிற இடத்தில் இன்னொரு ஆணி அடித்தார். கயிறு தொய்யாமல் நின்றது.

பஸ்ஸில் ஏறித் திருவனந்தபுரம் தம்பானூருக்கு வந்தபோது எனக்கு முன்னால் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் எழுந்து, "ஆளிறங்கணும்!" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அது கடைசி நிறுத்தம் என்று கண்டக்டர் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் பையைத் துழாவினார். "கயிறு எங்கடே?"

"அடுத்த அறுப்புக்கு அச்சாரமாக் குடுத்துட்டு வந்துட்டேன்" என்றேன்.